ஓங்கிய கம்பி

அத்தாவின் அடியிலேயே அம்மா செத்துப்போன வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஃபஹ்மிதா குத்தாலத்தை விட்டுப் போயிருந்தாள். அவளைக் காதலித்ததற்காக அஸாரின் காலை அப்போது உடைத்தவன், அவள் அண்ணன் உபைதுல்லா. அத்தா இறந்த பிறகு ஊர் திரும்பியவள் நேராக அஸாரின் உரக்கடைக்குப் போனாள்.

பின்னாலேயே அண்ணன் இரும்புக் கம்பியோடு வந்தான். முதல் அடி அஸாரின் தோளில் விழுந்தது. அடுத்ததைத் தடுத்த ஃபஹ்மிதாவின் மணிக்கட்டு முறிந்தது. அஸார் கம்பியைப் பிடுங்கி, உபைதுல்லாவைக் கீழே தள்ளி, மண்டைக்கு நேரே ஓங்கினான்.

"வேணாம் அஸார்! அடிக்கிற இன்னொரு ஆம்பளையோட என்னால வாழ முடியாது!"

அஸார் கம்பியைத் தெருவில் எறிந்தான்.

தங்கையின் கையைப் பார்த்த உபைதுல்லா உடைந்து அழுதான். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றான் அஸாரிடம்.

பைக்கில் ஏறிய ஃபஹ்மிதா, நல்ல கையால் அஸாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.