முரசுக் கோபுரத்துக்குப் பின்னால்

இடது கையில் இரண்டு ஊசிகளையும் ஏற்றி, குழாய்களைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிட்டு, தாதி பீலிக்ஸ் இயந்திரத்தை ஓடவிட்டான். இனி அது நிற்கும்வரை ஞானசுந்தரம் அந்தச் சாய்கதிரையை விட்டு எழும்ப முடியாது. கையை மடக்கக் கூடாது. பக்கம் திரும்பிப் படுக்கக் கூடாது. எதிரே ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. அதற்கு வெளியே அடுத்த கட்டடத்தின் சாம்பல் சுவர். பேர்லின் நொய்கெல்னில் உள்ள இந்த டயாலிசிஸ் நிலையத்துக்கு அவர் வரத் தொடங்கியதிலிருந்து அந்தச் சுவரில் எந்த மாற்றமும் இல்லை.

இன்றைக்கு மட்டும் மேசையில் அவருடைய கைபேசி நிமிர்ந்து நின்றது. மகள் நிருஷா அதற்கென்று ஒரு தாங்கி வாங்கிக் கொடுத்திருந்தாள்.

அறுபதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அவள் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை.

"சீனாவிலை சியான் எண்டு ஒரு பழைய நகரம் இருக்குப் பிள்ளை. அதை ஒருக்காப் பாக்கோணும்."

வைத்தியர் அவ்வளவு தூரப் பயணத்துக்குச் சம்மதிக்கவில்லை. நிருஷா விடவில்லை. எங்கெங்கோ தேடி, சென் லி என்ற ஒரு வழிகாட்டியைக் கண்டுபிடித்தாள். ஜெர்மனியின் லைப்சிக்கில் படித்த பெண். ஜெர்மன் நன்றாகப் பேசுவாள். கைபேசியைப் பிடித்தபடி நகரம் முழுக்க நடந்து காட்டுவாள். ஞானசுந்தரம் ஒருவருக்காக மட்டும், ஒரு நாள் சுற்றுலா. இங்கே அவருடைய இரத்தம் சுத்தமாகிற நேரம் அங்கே வெயில் உச்சியிலிருந்து சாய்கிற நேரம்.

நிருஷா இதைச் சொன்ன அன்று அவருடைய மனைவி புஷ்பராணி எழும்பிக் குசினிக்குப் போய்விட்டாள். சியானில் அடைபட்டுக் கிடந்த அந்த அறையின் நினைப்பை அவளால் தாங்க ஏலாது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த அறையைப் பற்றி பேர்லினில் அவர் சொல்லாத ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வந்த வழியில், களவாக ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவர்களைச் சியானில் ஒரு வீட்டின் மேல்மாடியில் கொண்டுபோய் வைத்தான். அவரையும் சேர்த்து ஐந்து ஆண்கள், புஷ்பராணி ஒருத்தி. ஜன்னலுக்குத் தடித்த திரை. திரையை விலக்கக் கூடாது. சத்தமாகக் கதைக்கக் கூடாது. ஆண்கள் படியிறங்கவே கூடாது. இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு மாரிகாலமே போய்விட்டது. கீழே இருந்த குசினியில் சமைப்பதற்குப் புஷ்பராணியை மட்டும் வீட்டுக்காரி காலையில் கூட்டிக்கொண்டு போவாள். பின்னேரம் சோற்றுப் பானையோடோ, சோறில்லாத நாளில் ரொட்டியோடோ அவள் மேலே வருவாள். புகைக்குள் நாள் முழுக்கக் கிடக்கிறாளே என்று அவர் அப்போது எத்தனையோ தரம் வேதனைப்பட்டிருக்கிறார்.

ஒவ்வொரு நாளும் எங்கேயோ முரசு அடிக்கிற சத்தம் கேட்கும். ஆட்டிறைச்சி வாட்டுகிற மணம் திரையைத் தாண்டி வரும். அந்த நகரத்தில் இவ்வளவு காலம் இருந்தும், இவை இரண்டையும் தவிர அவர் அதைப் பற்றி எதையும் அறியவில்லை.

கைபேசி ஒலித்தது. திரையில் வட்ட முகமும் வெயில் தொப்பியுமாக ஒரு பெண் சிரித்தாள்.

"காலை வணக்கம், திரு. ஞானசுந்தரம். இங்கே மத்தியானம் தாண்டிவிட்டது. மதிலில் இருந்து தொடங்குவோமா?"

கமரா திரும்பியது. அகன்ற கல்மதில். மூன்று கார்கள் பக்கத்தில் பக்கத்தில் போகலாம் போன்ற அகலம். ஆட்கள் அதன்மேல் சைக்கிள் ஓடினார்கள். சென் லி மதிலின் வயதைச் சொன்னாள், வாயில்களின் பெயர்களைச் சொன்னாள், பகைவரை இரண்டு கதவுகளுக்கு நடுவில் எப்படி அடைத்து வைத்து அம்பெய்தார்கள் என்று சொன்னாள். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். அவருடைய கண் மதிலுக்கு உள்ளே தெரிந்த கூரைகளில் இருந்தது.

"மதில் போதும்" என்றார். "நான் ஒரு வீட்டைத் தேட வேண்டும்."

"வீடா?"

"நான் அங்கே இருந்திருக்கிறேன். முரசுச் சத்தம் கேட்கும். இறைச்சி மணம் வரும். நகரத்துக்கு வெளியே, ஒதுக்குப்புறமாக இருக்க வேண்டும். எங்களைக் கொண்டுவந்த வாகனம் வெகுநேரம் ஓடியது."

சென் லியின் நடை நின்றது. "முரசு கேட்டதென்றால் ஒதுக்குப்புறமாக இருக்க முடியாது" என்றாள். "முரசுக் கோபுரம் நகரத்தின் நட்ட நடுவில் இருக்கிறது. அதற்குப் பின்னால்தான் முஸ்லிம் தெரு. அங்கே எப்போதும் இறைச்சி மணம்தான். சும்மா சுற்றிச் சுற்றி ஓட்டியிருப்பார்கள்."

அவள் ஒரு வாடகைக் காரில் ஏறி, இறங்கி, மீண்டும் கமராவை உயர்த்தினாள். பச்சை ஓட்டுக் கூரைகள் அடுக்கடுக்காக ஏறிய பெரிய கோபுரம். அதன் முன்னால் சதுக்கம். பலூன் பிடித்த பிள்ளைகள், படம் எடுக்கிறவர்கள், நிலத்தில் குந்தியிருந்து பழம் தின்கிறவர்கள்.

ஞானசுந்தரம் திரையை உற்றுப் பார்த்தார். ஊருக்கு வெளியே இருப்பதாக நினைத்துக்கொண்டு அவர்கள் மூச்சை அடக்கிக் கிடந்தது இவ்வளவு சனத்துக்கு நடுவிலா?

"பின்னாலே போங்கள்."

அவள் தெருவுக்குள் நுழைந்தாள். மாதுளைச் சாறு பிழிகிறார்கள். இரும்புக் கம்பியில் இறைச்சி சீறுகிறது. தலையில் துணி கட்டிய பெண்கள் ரொட்டி தட்டுகிறார்கள். அவள் ஒடுக்கமான ஒழுங்கைகளுக்குள் திரும்பினாள். ஒவ்வொரு மேல்மாடி ஜன்னலையும் அவர் பார்த்தார். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. அவர் வெளியிலிருந்து அந்த வீட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. கொண்டுவந்ததும் இருட்டில், கொண்டுபோனதும் இருட்டில்.

"இதுவா?"

"தெரியவில்லை."

"அடுத்ததா?"

"தெரியவில்லை. கிட்டப் போங்கள். இன்னும் கிட்ட!"

எழும்பி அந்தத் தெருவுக்குள்ளேயே போய்விடலாம் என்பதுபோல அவர் முன்னால் உன்னினார். இயந்திரம் அலறியது. காது அடைத்தது. ஜன்னலும் சுவரும் ஒருபக்கம் சரிந்தன. வலது கை மேசையைத் தட்ட, கைபேசி நிலத்தில் விழுந்தது.

பீலிக்ஸ் ஓடிவந்து கதிரையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, கால்களை உயர்த்தினான். "இரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. அசையாதீர்கள். கண்ணை மூடாமல் என்னைப் பாருங்கள்."

நிலத்திலிருந்து சென் லியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "திரு. ஞானசுந்தரம்? இருக்கிறீர்களா?"

பீலிக்ஸ் வழக்கப்படி வீட்டாருக்கு அறிவித்தான். புஷ்பராணி அடுத்த தெருப் பாடசாலையில் துப்புரவு வேலை செய்தாள். வேலை உடுப்போடே மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அதற்குள் அழுத்தம் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது. அவள் அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னப்பா இது? ஆடாமல் அசையாமல் கிடக்கச் சொன்னா, என்ன செய்தனியள்?"

அவர் வலது கையால் நிலத்தைக் காட்டினார். அவள் குனிந்து கைபேசியை எடுத்தாள். அதைத் தாங்கியில் வைக்கப் போன கை அப்படியே நின்றது. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஜெர்மனில் சொன்னாள்: "இந்த ஒழுங்கை இல்லை. திரும்பி வாருங்கள். பள்ளிவாசல் மதில் வருமல்லவா? அதோடு ஒட்டியே போங்கள். மூலையில் ஒரு தண்ணீர்க் குழாயடி இருந்தது. அதற்கு அடுத்த ஒழுங்கை."

சென் லி நடந்தாள். ஞானசுந்தரம் படுத்தபடியே மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"குழாயடி இப்போது இல்லை" என்றாள் சென் லி. "ஆனால் ஒழுங்கை இருக்கிறது."

"இடது பக்கம் மூன்றாவது கதவு. மேலே வளைந்த கல் இருக்கும்."

"இருக்கிறது!"

புஷ்பராணி கைபேசியை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு தேநீர்க் கடை. அதற்கு மேலே ஒரு சின்ன ஜன்னல். அதற்குப் பக்கத்தில் குளிரூட்டிப் பெட்டி. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே யாரோ ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

சென் லி கடைக்காரனிடம் விசாரித்தாள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பழைய வீட்டுக்காரி விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டாளாம்.

ஞானசுந்தரம் அந்த ஜன்னலைப் பார்த்தார். அதைப் பார்த்தால் என்னவாவது நடக்கும் என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தார். இப்போது அவருக்கு வேறொன்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் கைபேசியின் ஒலியை நிறுத்தினாள்.

"நான் குசினிக்குள்ளை கிடந்தன் எண்டுதானே நீங்கள் நினைச்சனியள். சமையல் எவ்வளவு நேரம்? முடிய அந்த வீட்டுக்கார மனிசி தன்ரை முக்காட்டை எனக்குப் போட்டுவிட்டு ரொட்டிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவா. ரொட்டி தட்டப் பழக்கினவ. மாவும் நெருப்புமா நாங்கள் ரெண்டு பேரும் சிரிச்சுக்கொண்டு இருப்பம். ஒருதரின்ரை பாஷையும் மற்றவைக்குத் தெரியாது."

"முரசுக் கோபுரம்?"

"ஏறியிருக்கிறன்."

"மதில்?"

"ஓம். ஒருநாள். நல்ல காத்து."

எழும்பி வெளியே போய்விட வேண்டும் போல அவருக்கு இருந்தது. எங்காவது ஒரு கதவைச் சாத்திவிட்டு நிற்க வேண்டும். முடியாது. குழாய்க்குள்ளால் இரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அவள் முன்னால், கால்கள் உயர, தலை தாழ, அப்படியே கிடந்தார்.

நிருஷாவுக்கு, தன் அண்ணன்மாருக்கு, கோயிலில் சந்திக்கிறவர்களுக்கெல்லாம் எத்தனை தரம் சொல்லியிருப்பார், 'நானும் மனிசியும் அந்த மாரி முழுக்க வெயிலைக் கண்ணாலை காணேல்லை' என்று. ஒவ்வொரு தரமும் இவள் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியளோ?"

அவர் கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"அஞ்சு ஆம்பிளையள். பிடிபட்டா எல்லாரும் போச்சு எண்டு என்னையும் மேலை வைச்சுப் பூட்டியிருப்பியள். பயம். உங்களைப் பிழை சொல்லேல்லை. ஆனா நான் சொல்லமாட்டன் எண்டு அண்டைக்கே முடிவெடுத்திட்டன்."

"பேர்லினுக்கு வந்த பிறகு?"

"வந்த பிறகு நீங்கள் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தியள். அதுக்குள்ளை நான் எப்பிடிப் புகுறது?"

பீலிக்ஸ் வந்து அழுத்தத்தை அளந்தான். கதிரையின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திவிட்டு, "இன்னும் ஒரு மணித்தியாலம். பொறுமை" என்று சொல்லிப் போனான்.

"எப்பிடி முடிஞ்சுது உன்னாலை?" அவருடைய குரல் உயர்ந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "நாங்கள் மூச்சுவிடப் பயந்து கிடந்தம். நீ மதிலிலை காத்து வாங்கியிருக்கிறாய்!"

புஷ்பராணி கோபப்படவில்லை. வேலை உடுப்பின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் நீவிவிட்டாள்.

"நீங்கள் ஒரேயொருதரம் உள்ளை போனியள், ஒரேயொருதரம் வெளியிலை வந்தியள். நான் ஒவ்வொரு நாளும் சோத்துப் பானையோடை அந்தப் படியிலை திரும்பி ஏறினனான். சனம், வெளிச்சம் எல்லாத்தையும் கண்டிட்டு, நானா வந்து அந்த இருட்டுக்குள்ளை இருந்தனான். அதென்ன லேசான வேலையோ? ஒருநாள் கோபுரத்துக்குக் கீழை நிண்டு யோசிச்சன். இப்பிடியே நடந்து போனா என்ன எண்டு."

"ஏன் போகேல்லை?"

"எங்கை போறது? பாஸ்போட் ஏஜென்சிக்காரனிட்டை. காலிலை செருப்புத்தான்." அவள் ஜன்னலுக்கு வெளியே இருந்த சுவரைப் பார்த்தாள். "நீங்களும் பசியோடை இருந்தியள்."

திரையில் சென் லியின் முகம் திரும்ப வந்திருந்தது. ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். புஷ்பராணி ஒலியைக் கூட்டினாள்.

"நேரம் இன்னும் இருக்கிறது. வேறு எங்காவது போக விரும்புகிறீர்களா? அல்லது நிறுத்திக்கொள்வோமா?"

"நிப்பாட்டச் சொல்லு" என்றார் ஞானசுந்தரம்.

புஷ்பராணி அவரைப் பார்த்தாள். பிறகு கைபேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நிறுத்த வேண்டாம்" என்று சென் லியிடம் சொன்னாள். "நான் முன்பு போன ரொட்டிக் கடையைப் பார்க்க வேண்டும். எள்ளுத் தூவி, அடுப்பின் உள்சுவரில் ஒட்டிச் சுடுவார்களே, அது."

அவளுக்கு வேலைக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. போகவில்லை. கதிரையோரத்தில் நின்றபடி, இடது பக்கம், வலது பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஞானசுந்தரத்துக்குக் கைபேசியின் முதுகு மட்டும் தெரிந்தது. அதன் வெளிச்சம் அவளுடைய கன்னத்தில் மாறி மாறி விழுந்தது. ஒரு தரம் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டுக் கனகாலம். அவள் சீன மொழியில் ஒரு சொல் சொன்னாள். கைபேசிக்குள்ளிருந்து பலர் ஆரவாரித்தார்கள். இவ்வளவு வருடமும் அவளுக்கு அந்தச் சொல் தெரிந்திருந்ததை அவர் அறியவில்லை.

கழுத்தை எக்கிப் பார்த்தார். எட்டவில்லை. கையை அசைக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். அடுப்பில் ஏதோ தட்டுகிற சத்தமும், ஆட்களின் பேச்சும், அவளுடைய பேச்சும் கேட்டுக்கொண்டே இருந்தன.

"புஷ்பம்" என்றார்.

"ம்?"

"என்ன தெரியுது?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் வேறெதையோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தாள் போல. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கதிரை ஒன்றை இழுத்து, குழாய்களில் தட்டுப்படாமல் தலைமாட்டில் போட்டு, அவருடைய தோளோடு தோளாக இருந்தாள்.

"சோறில்லாத நாளிலை நான் கொண்டுவந்து தாற ரொட்டி" என்றபடி திரையைச் சாய்த்துப் பிடித்தாள். "அது வாங்கினதில்லை. நான் சுட்டது. இதுதான் அந்த அடுப்பு. பாருங்கோ."