யார் காலில் தேய்ந்தது?

கச்சம்புளிச் சாறு அடைத்த புட்டிகளையும் மூங்கில் குருத்து ஊறுகாய் ஜாடிகளையும் பின் சீட்டில் அடுக்கிவிட்டு, தேச்சம்மா காரைக் கிளப்பினாள். முதல் கியர் போட்டு, கிளட்சிலிருந்து காலை மெல்ல எடுத்தாள். கார் காய்ச்சல் கண்ட உடம்பு போல உதறிக்கொண்டு இரண்டடி நகர்ந்தது. கூடவே ஒரு தீய்ந்த வாடை.

வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அவள் கணவர் பெள்ளியப்பா ஓடி வந்தார்.

"நிறுத்து, நிறுத்து! கிளட்ச் மேலயே கால வெச்சு ஓட்டாதேன்னு எத்தன தடவ சொல்றது? வண்டியப் பொசுக்கிட்டியே!"

"நான் எங்க வெச்சேன்? கால எடுக்கும்போதுதான் ஆடுது."

"பட்டாளத்துல மலை மலையா லாரி ஓட்டினவன்கிட்டயே பேசறியா? எறங்கு."

சாவி அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

குடகில், விராஜ்பேட்டைக் கடைகளுக்கு வாரம் இரண்டு நடை சரக்கு போட்டு வந்தவள் தேச்சம்மா. மற்ற நாளெல்லாம் கார் பெள்ளியப்பாவின் கையில்தான். இப்போது அந்த இரண்டு நடைக்கும் அவர் எப்போது குளித்து, எப்போது பேப்பர் படித்து முடிப்பார் என்று அவள் காத்திருக்க வேண்டியதாயிற்று. "மதியத்துக்கு மேல கொண்டு வந்தா யாரும்மா வாங்கறா?" என்று ஒரு கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பன்றிக்கறிக்கும் கடம்புட்டு அரிசி உருண்டைக்கும் நடுவே பெள்ளியப்பா கதையை அவிழ்த்துவிட்டார். "எங்க வீட்டம்மா ஒரு நடை ஓட்டினா, வண்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடுக்க வேண்டியிருக்கு!" பந்தியே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, பெள்ளியப்பாவின் நண்பர் மாச்சய்யாவின் மனைவி ரத்னா அப்போதுதான் கார் ஓட்டப் பழகத் தொடங்கியிருந்தாள். "எதுக்குக்கா நமக்கு இந்த வம்பு?" என்று மறுநாளே பழகுவதை நிறுத்திவிட்டாள்.

தேச்சம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அடுப்பருகே நிற்கும்போது தன் இடது காலைக் குனிந்து பார்த்துக்கொள்வாள். ஒருவேளை நான்தானோ?

வண்டி அடியோடு நகர மறுத்ததும் அதைக் கட்டி இழுத்து மெக்கானிக் லான்சியின் பட்டறைக்குக் கொண்டு போனார்கள். "நானும் வர்றேன்" என்று தேச்சம்மா பிடிவாதமாக உடன் போனாள்.

"யாரு ஓட்டறது, அக்காவா? அப்ப சரிதான்!" என்று லான்சியும் சிரித்துக்கொண்டே கியர்பாக்ஸைக் கீழே இறக்கினான்.

தேச்சம்மா சிரிக்கவில்லை. "என்ன தேஞ்சிருக்குன்னு காட்டு" என்றாள்.

இன்ஜினின் பின்பக்கம் தட்டு போல ஒரு கனமான இரும்புச் சக்கரத்தை லான்சி காட்டினான். "இதுதான் ஃப்ளைவீல். இன்ஜினோட சேர்ந்து சுத்திக்கிட்டே இருக்கும். கால எடுத்ததும் கிளட்ச் பிளேட் இது மேல அழுத்தமா ஒட்டிக்கும். அப்பத்தான் வண்டி நகரும். முழுசா ஒட்டவும் விடாம, பிரியவும் விடாம பாதியில பிடிச்சு வெச்சா, ரெண்டும் உரசி உரசிச் சூடேறிடும்." வழவழவென்று இருக்க வேண்டிய சக்கரத்தின் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகள், முடி போல மெல்லிய விரிசல்கள்.

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். மேடும் பள்ளமுமாக இருந்தது. "அரிசி ரொட்டி சுடற கல்லு சூட்டுல வளைஞ்ச மாதிரி இருக்கே. அதனாலதான் வண்டி உதறுதா?"

"அதேதான்க்கா. பிளேட் மட்டும் புதுசு போட்டா இந்தத் தேஞ்ச முகம் அதையும் தின்னுடும். விரிசல் விட்டுடுச்சு, லேத்துல சீவியும் பிரயோஜனமில்ல. சக்கரத்தையே மாத்தணும்."

புதுச் சக்கரத்தின் மேலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுத்து, புதுப் போல்ட்டுகளை எதிரும் புதிருமாகச் சமமாக முறுக்கி, புதுப் பிளேட்டையும் பொருத்தினான் லான்சி. சோதித்துப் பார்க்கப் பெள்ளியப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தார். லான்சி பக்கத்திலும் தேச்சம்மா பின்னாலும் உட்கார்ந்தார்கள். கார் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது.

"பாத்தியா, ஓட்டறவன் ஓட்டினா எப்படிப் போகுது!"

மணிக்கூண்டு ஏற்றத்தில் நெரிசல். வண்டிகள் நின்றன. சாலையோரத்தில் நின்றிருந்த மாச்சய்யா ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"என்ன பெள்ளியப்பா, தேச்சம்மா பொசுக்கின வண்டி தேறிடுச்சா?"

"தேறாம? இனிமே சாவி என்கிட்டதான்" என்று தொடங்கிய பேச்சு, மிளகு விலைக்குப் போனது. ஏற்றத்தில் கார் உறுமிக்கொண்டே நின்ற இடத்தில் நின்றது. தேச்சம்மாவின் மூக்கில் அதே தீய்ந்த வாடை ஏறியது. அவள் முன்னால் எட்டிப் பார்த்தாள். ஹேண்ட் பிரேக் இறங்கியபடியே கிடந்தது. கணவரின் வலது கால் ஆக்சிலேட்டரில். இடது கால் கிளட்சைப் பாதி அழுத்திப் பிடித்திருந்தது.

"ஏங்க, பிரேக்கே போடலயே. வண்டி எதுல நிக்குது?"

லான்சி குனிந்து பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தான். "அண்ணா, கிளட்சுலதாண்ணா நிக்குது. புதுச் சக்கரம் இப்பவே வேகுது."

"பட்டாளத்துல நாங்க எல்லாரும் இப்படித்தான்..." பெள்ளியப்பா ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டார். தினமும் கிளப்புக்குப் போகும் வழியில், இதே ஏற்றத்தில், இதே போல நின்று பேசியது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். காது சிவந்துவிட்டது.

"நீங்க அந்தப் பக்கம் நகருங்க" என்றாள் தேச்சம்மா. லான்சி பின்னால் போனான். அவள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். கிளட்ச் ஒட்டும் இடம் காலுக்குத் தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாள். கார் ஓரங்குலம் பின்னால் வராமல், ஒரு உதறல் இல்லாமல் முன்னே நகர்ந்தது. மேலே ஓரமாக நிறுத்தினாள்.

"நானும் கியர் பொட்டியத் தொறக்கறதுக்கு முன்னாடியே சிரிச்சுட்டேன்க்கா. தப்புதான்" என்றான் லான்சி.

மாச்சய்யா மூச்சு வாங்கப் பின்னாலேயே வந்து சேர்ந்தார். "என்னடா ஆச்சு?"

பெள்ளியப்பா காரிலிருந்து இறங்கினார். சமாளித்துவிடுவாரோ என்று தேச்சம்மா பார்த்தாள். அவர் சமாளிக்கவில்லை.

"வண்டியப் பொசுக்கினது நான், மாச்சய்யா. பழிய இவ மேல போட்டேன். அதுவும் பந்தியில வெச்சு. என்ன தேஞ்சுதுன்னு பாக்கவே இல்ல. பொம்பள ஓட்டினாளா, அப்ப அவதான்னு முடிவு கட்டிட்டேன். இரும்புக்கு ஆம்பள, பொம்பள தெரியாதுடா. நமக்குத்தான் தெரியுது. கெட்டுப் போனா எதனாலன்னு முதல்ல பாக்கணும்; யாரு மேல போடலாம்னு தேடக் கூடாது. உன் ரத்னாவ மறுபடி ஓட்டச் சொல்லு. அவ நிறுத்தினதும் என் வாயாலதான்."

மாச்சய்யா தலையைச் சொறிந்தார். "அப்ப அவளுக்கு யாரு சொல்லிக் குடுக்கறது? நீயா?"

"இவரா?" தேச்சம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இவருக்கே நான்தான் முதல்ல சொல்லிக் குடுக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்தே பழகட்டும்!"

எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது பெள்ளியப்பாதான்.