மஞ்சள் கிளிப்

1

இந்தக் கதை போன மாதம் வேலூரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் தொடங்கியது. கடைக்காரர் நவநீதன். எனக்குப் பழக்கமானவர்தான். என் போனைத் திறந்து, அறுந்திருந்த கம்பியைப் பற்றவைத்து, இடுக்கியால் இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார். மூன்றாவது முறையும் இழுத்தார். நான் கேட்காமலேயே சொன்னார்.

"பழகிடுச்சு டீச்சர். ஒம்பது வருஷமா மூணு தடவை இழுக்காம எதையும் மூடறதில்ல. பாஷா வண்டி என் சால்டரிங்காலதான போச்சு."

அவருடைய சால்டரிங்கால் போகவில்லை. என்னால் போனது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சிம் போட்டுட்டீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். "நான் அன்றைக்கு—" என்பதற்கு மேல் ஓடவில்லை. "என்னால்தான் அந்த—" என்று இன்னொரு பக்கம். அதுவும் நின்றது. நான் என்று தொடங்கினால் எனக்கு வாக்கியம் முடியாது. வகுப்பில்கூட "நாம் ஒளிவிலகலைப் பார்த்தோம்" என்றுதான் சொல்வேன்.

அதனால் 1998-இல் இருந்த என்னைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, பெர்சிஸ் என்று கூப்பிடப்போகிறேன். அது என் பெயரேதான். வேறு பெயர் வைத்தால் தப்பித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

2

முதல் தொடக்கம்: "பாலாற்றின் மேல் மாலை வெயில்—"

பாலாற்றில் அன்றைக்கும் மணல்தான். விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "ரிமோட் கார் என்றால் பொம்மை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை—"

இது சண்டைக்கு இழுப்பதுபோல் இருக்கிறது. பெர்சிஸ் யாரையும் சண்டைக்கு இழுத்ததில்லை.

மூன்றாவது தொடக்கம்தான் நின்றது. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஞாயிற்றுக்கிழமை போனால் சிமென்ட் களம் முழுக்கத் தோல் காயும். வெள்ளிக்கிழமை அதே களம் துடைத்துவிட்டாற்போல் கிடக்கும். ஆகவே எங்கள் ரிமோட் கார் கிளப் வெள்ளிக்கிழமைக் கிளப். ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து, மூன்று மணிக்கு ஒவ்வொருவராக வருவார்கள். மொத்தம் பதினான்கு பேர். ஷூ கம்பெனி ஆட்கள், பாங்க் கிளார்க் ஒருவர், ஆஸ்பத்திரி லேப்பிலிருந்து அரை நாள் லீவு போட்டுவிட்டு வரும் கிறிஸ்துராஜ். கிறிஸ்துராஜ் பெர்சிஸின் அப்பா. கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா இரண்டு கார்களைப் பெட்டியோடு அனுப்பியிருந்தார். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று மகளுக்கு.

சுண்ணாம்புத் தூளால் பாதை வரைவார்கள். வளைவுகளில் வெட்டி எறிந்த தோல் துண்டுகளை அடுக்கி வைப்பார்கள். கார்கள் ஒரு முழ நீளம்தான் இருக்கும். கிளம்பினால் நாய் துரத்தினாலும் பிடிக்க முடியாது. துரத்தியும் பார்த்திருக்கிறது.

பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவார் சர்தார் பாஷா. ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காரை டவலில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். கண்டக்டர் கோழி என்று நினைத்து ஒருமுறை லக்கேஜ் கேட்டாராம். டயருக்கு வெளியூர் சாமான் வாங்க மாட்டார். செருப்பு அடியில் போடும் ரப்பர் ஷீட்டை வட்டமாக வெட்டி, ஷூ ஒட்டும் பசையால் ஒட்டி, அதிலேயே எல்லோரையும் தோற்கடிப்பார். அவர் காரின் உள்ளே இருக்கும் கம்பி வேலை முழுக்க அவருடைய தோஸ்த் நவநீதன் பொறுப்பு. அப்போது நவநீதன் ஆம்பூர் பஜாரில் ரேடியோ மெக்கானிக்.

"டேய், உன் வண்டிக்கு மூளை வெச்சதே நான்டா," என்பார் நவநீதன்.

"மூளை உன்கிட்ட ஜாஸ்தியா இருந்தா மொதல்ல உனக்கு வெச்சுக்கோ," என்பார் பாஷா.

இதற்குக் கிறிஸ்துராஜ் ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார். கார் ஓட்டுவதில் அவர் சுமார். மூன்று வருடத்தில் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமையும் தவறியதுமில்லை.

(இந்தப் பகுதியை இன்னும் ஐந்து பக்கம் எழுதலாம். எழுத ஆசையாகவும் இருக்கிறது. டேனரி நாற்றம் என்று வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு இன்றைக்கும் பஸ்ஸில் அந்தக் காற்று அடித்தால் மணி மூன்று ஆகிவிட்டதோ என்று தோன்றும். ஆனால் நான் இங்கேயே சுற்றிக்கொண்டிருப்பது அடுத்த பகுதிக்குப் போகப் பயந்துதான்.)

3

கிளிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்து ரிமோட்டுகளுக்கு மொத்தமே ஆறு அலைவரிசைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஒரே நிற ரிமோட்டுகள் இரண்டை ஒரே நேரத்தில் ஆன் செய்தால், யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் காருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதற்காக ஒரு பலகையில் ஆறு நிறத்தில் ஆறு துணிக் கிளிப்புகள் மாட்டியிருப்பார்கள். உன் நிறக் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிய பிறகுதான் ரிமோட் சுவிட்சைத் தொடலாம். கிளிப் வேறொருவர் சட்டையில் இருந்தால், அவர் ஓட்டி முடிக்கும்வரை காத்திரு. டேனரி முதலாளியின் மைத்துனரே ஒருமுறை கிளிப் இல்லாமல் ஆன் செய்துவிட்டு, அபராதமாக எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

பாஷாவின் நிறம் மஞ்சள். பெர்சிஸின் நிறமும் மஞ்சள்.

4

வருடாந்திரப் பந்தயம். இறுதிப் போட்டியில் நான்கு கார்கள். ஓட்டுபவர்கள் லாரியில் சரக்கு ஏற்றும் மேடைமேல் நிற்கிறார்கள். பாஷாவின் சட்டையில் மஞ்சள் கிளிப். மொத்தம் இருபது சுற்று. பதினேழாவதில் பாஷா முதலில், அவருக்கு மூன்றடி பின்னால், யாரும் எதிர்பார்க்காமல், கிறிஸ்துராஜ்.

பெர்சிஸ் மேடையிலிருந்து அறுபதடி தள்ளி, கடைசி வளைவில் ஒரு மணைமேல் உட்கார்ந்திருக்கிறாள். கவிழும் கார்களை நிமிர்த்தி வைப்பது அவள் வேலை. அடுத்து தோற்றவர்களுக்கான பந்தயம். அதில் அவள் ஓட்ட வேண்டும். ரிமோட் மடியில் இருக்கிறது. பாட்டரி போதுமா என்று சந்தேகம்.

அப்போது ரிமோட் மடியிலிருந்து நழுவியது. சுவிட்ச் கல்லில் பட்டு—

(இல்லை. இது இரண்டாம் தடவை எழுதியபோது நான் அவளுக்குச் செய்த உதவி. அந்தச் சுவிட்ச் இறுக்கமானது, தானாக நகராது. பெர்சிஸின் பெருவிரல்தான் நகர்த்தியது.)

ரிமோட்டில் இருக்கும் பாட்டரி முள்ளைப் பார்க்க வேண்டுமென்றால் ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்யக் கிளிப் வேண்டும். பந்தயம் முடிந்ததும் மேடையேறி, அத்தனை ஆண்களுக்கு நடுவே போய், "பாஷாண்ணா, கிளிப் குடுங்க" என்று சொல்லி, பிறகு "நவநீதண்ணா, பாட்டரி இருக்கா?" என்று இன்னொரு முறை வாயைத் திறக்க வேண்டும். இப்போதே முள்ளைப் பார்த்துவிட்டால், ஒருவேளை ஒன்றுமே கேட்க வேண்டியிருக்காது. ஏரியலை மடக்கித்தானே வைத்திருக்கிறோம்? ஏரியல் மடங்கியிருந்தால் அலை வெளியே போகாது என்று கிளப்பில் எல்லோரும் சொல்வார்கள். ஒரே ஒரு விநாடி.

ஆன் செய்தாள். முள் பச்சையில் நின்றது. பாட்டரி நன்றாக இருந்தது.

அந்த விநாடியில் பாஷாவின் கார் அவளுக்கு மூன்றடி முன்னால் வளைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை உடம்பை உதறியது. தோல் துண்டுகளைத் தாண்டி, களத்தின் ஓரத்தைத் தாண்டி, தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்குள் போய் விழுந்தது.

*குறிப்பு: தூரம் இரண்டு மடங்கானால் அலையின் பலம் நான்கில் ஒன்றாகும். அறுபதடி தள்ளி நிற்கும் பாஷாவின் ரிமோட்டைவிட, மூன்றடியில் இருக்கும் ரிமோட் நானூறு மடங்கு உரக்கப் பேசும். மடங்கிய ஏரியலுக்காகப் பெரும்பகுதியைக் கழித்தாலும் மிச்சம் போதும். பெர்சிஸ் இந்தக் கணக்குக்கு அந்தப் பருவத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

5

பாஷா ஓடிவந்து, குப்புறப் படுத்து, தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டார்.

"மூஞ்சியத் தூக்குடா! கண்ணு போய்டும்!" என்று கத்திக்கொண்டு நவநீதன் குடத்தைத் தூக்கி வந்தார்.

பாஷா கண்டெடுத்தது ஒரு வெள்ளைக் கட்டி. இரண்டு வருட உழைப்பு. அடுத்த மாதம் பெங்களூருப் பந்தயத்துக்குப் போக வேண்டிய கார். நவநீதன் அவர் கையில் தண்ணீர் ஊற்றினார். ஊற்ற ஊற்றத்தான் சண்டை நடந்தது.

"நேத்து ரிசீவர்ல இன்னா வெச்சு ஒட்டுன? எச்சிலா?"

"கைய நீட்டு. என் சால்டரிங்ல ஒரு குறையும் கெடையாது."

"அப்ப வண்டி தானாக் குதிச்சுதா?"

"உன் கை நடுங்குச்சு. மனசு முழுக்க பெங்களூருல இருந்தா இங்க இன்னா ஓடும்?"

"என் கையா? பன்னெண்டு வருஷமா கத்தி புடிக்கற கைடா இது. நூலளவு தப்புனா ஒரு தோலே வேஸ்ட்."

"அப்ப என் கை மட்டும் இன்னா, மாட்டுக் கொளம்பா? திருப்பு. அந்தப் பக்கமும் ஊத்தணும்."

கடைசிக் குடத்தை ஊற்றிவிட்டு நவநீதன் வெறும் குடத்தோடு நடந்துபோனார். அதுதான் அவர்கள் இருவரும் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு மூன்று மாதம்கூடக் கிளப் தாங்கவில்லை.

இதையெல்லாம் கவனிக்காத ஒரே மனிதர் மேடைமேல் இருந்தார். கிறிஸ்துராஜ் பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று தன் சுற்றுகளை ஓட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து, "எல்லாரும் எங்க?" என்றார்.

அவர்தான் ஜெயித்திருந்தார். பரிசு, ஷூ தைக்கும்போது உள்ளே வைக்கும் பாத வடிவ மரக்கால் ஒன்று. தங்கநிறப் பெயின்ட் அடித்தது. வீட்டுக்குப் போகும் வழியில் பிரியாணி பார்சல் வாங்கினார். கடைக்காரர் அதைப் பார்த்து, "இன்னா சார், இன்னொரு காலு எங்க?" என்றார். "அது அடுத்த வருஷம்," என்றார் அப்பா.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த பெர்சிஸ், "அப்பா..." என்றாள்.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

ரயில்வே கேட்டில் மறுபடியும் "அப்பா..." என்றாள்.

"அந்த மூணாவது வளைவுல உள்பக்கமா வந்தேனே, பாத்தியா?"

"பாத்தேன்பா."

6

முடிவுகள்.

அ. பெர்சிஸ் மணையிலிருந்து எழுந்து, "நான்தான் ஆன் பண்ணிட்டேன்" என்கிறாள். நவநீதன் குடத்தைக் கீழே வைக்கிறார். எல்லோருக்கும் டீ. பந்தயம் வேறொரு வெள்ளிக்கிழமை மறுபடி நடக்கிறது.

இதை ஏழு முறை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் டீ வரும் இடத்தில் எனக்கு அழுகை வரும். ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை.

ஆ. ஏதோ ஒரு கல்யாணத்தில் பாஷாவும் நவநீதனும் எதிரெதிரே உட்கார நேர்கிறது. யாரோ ஜோக் அடிக்கிறார்கள். இருவரும் சிரித்துவிடுகிறார்கள்.

இதை நம்பித்தான் நான் இத்தனை வருடம் ஓட்டினேன். போன வருடம் பேரணாம்பட்டு பஸ்ஸில் பாஷாவைப் பார்த்தேன். "இன்னா பெர்சிம்மா, வாத்தியாரம்மா ஆய்ட்டியாமே!" என்று இடம் கொடுத்தார். நவநீதனைப் பார்ப்பதுண்டா என்று கேட்டேன். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கைதாம்மா அன்னிக்கு தப்பு பண்ணுச்சு. வீட்டுக்குப் போய் யோசிச்சேன், வேற எதுவும் இருக்க முடியாது. அவன் மேல பழியப் போட்டுட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கினு போறது?"

ஆக, இரண்டு பேரும் தன் மேல்தான் தப்பு என்று நினைக்கிறார்கள். அந்த வெட்கத்தில்தான் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. அந்த வெட்கம் மொத்தமும் என்னுடையது.

இ. கையெழுத்தில்லாத ஒரு கார்டு. "அன்று யார் மேலும் தவறில்லை." இடது கையால் எழுதினேன். கிழித்தேன். பெயரில்லாத கார்டை அவர்கள் நம்பமாட்டார்கள்.

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதல் நாள் பயத்தில் சொல்லவில்லை. பிறகு அப்பாவுக்காக. வீட்டுக்கு யார் வந்தாலும் டி.வி. மேல் இருக்கும் மரக்காலைக் காட்டி, முதல் சுற்றிலிருந்து சொல்வார். பதினேழாவது வந்ததும் குரலைத் தாழ்த்தி, "அதுக்குள்ள பாஷா வண்டி போய்டுச்சு, பாவம்," என்று நேர்மையாக ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் மேலே போவார். வாழ்க்கையில் அவர் ஜெயித்தது அது ஒன்றுதான். அதை அவரிடமிருந்து எடுத்துத்தான் அந்த இரண்டு பேருக்கும் கொடுக்க வேண்டும். வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று தேடித்தான் இத்தனை பக்கம் எழுதினேன். கிடைக்கவில்லை.

இந்தக் கதை மூன்று பிரதிகள். இரண்டைக் கவரில் போட்டு விலாசம் எழுதிவிட்டேன். ஒன்று பேரணாம்பட்டுக்கு, ஒன்று வேலூருக்கு. திங்கட்கிழமை போஸ்ட் செய்வேன். அப்பா வேண்டாம் என்று சொன்னாலும் செய்வேன். (அப்பா, இந்த வரி உங்களுக்கு.)

7

மூன்றாவது பிரதி இப்போது முன்னறையில் அப்பா கையில் இருக்கிறது. கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, வேட்டி மாற்றிக்கொண்டு, "கதை எழுதுனியா? நீயா?" என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அதில் ஆறு பகுதிகள்தான் இருக்கின்றன. இதை உள்ளறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் முன்பு சிரித்தார். கண்டக்டரும் கோழியும் வரும் இடமாக இருக்கும். பிறகு குரல் கொடுத்தார்.

"பெர்சி, பதினாலு பேர்னு போட்டிருக்கே. பதினஞ்சு. உன்ன எண்ணல பாரு."

"சரிப்பா, மாத்திடறேன்."

மாற்றவில்லை. என்னை நான் எண்ணாத இடத்தில்தான் தப்பு நடந்தது என்று தெரியட்டும்.

தாள் புரளும் சத்தம். கிளிப் பகுதியாக இருக்கும். அது ஒரு பக்கம்கூட வராது. இன்னொரு தாள்.

இப்போது சத்தமில்லை.

உங்களுக்கு எல்லாம் தெரியும். அவருக்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிட்டேன். முகம் தெரியாதவர்களிடம் எனக்கு எளிதாக வருகிறது. ஆனால் அவர் கூப்பிட்டால் இந்தத் தாளை வைத்துவிட்டு நான்தான் எழுந்துபோக வேண்டும். பெர்சிஸை அனுப்ப முடியாது.

நாற்காலி நகர்கிறது. எழுந்திருக்கிறார் என்று—

மிச்சத்தை உங்களிடம் விடுகிறேன். அப்பாவைக் கோபப்பட வையுங்கள், பேசாமல் இருக்க வையுங்கள், உங்கள் இஷ்டம். அவர் ஏமாற்றி ஜெயித்தார் என்று மட்டும் யாரும் நினைக்கும்படி எழுதிவிடாதீர்கள். பதினேழு சுற்று அவர் பாஷாவை மூன்றடிக்கு மேல் விலக விடவில்லை. நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அது நிஜமாகவே நல்ல ஓட்டம்.