அவர் பெயரில் ஆறு காகிதங்கள்

டிப்போவில் என் வீட்டுக்காரருக்குக் கல்லுக்குண்டு என்று பட்டப்பெயர். வருஷா வருஷம் டிரைவர்களுக்கு வைக்கும் ஃபிட்னஸ் டெஸ்டில் அவருக்கு ஒரு பொட்டுச் சர்க்கரை வந்ததில்லை. கூடச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக ஸ்டியரிங்கை விட்டு இறங்கி பஸ் கழுவவும் டோக்கன் கொடுக்கவும் போனபோது, இவர் மட்டும் மீசையை முறுக்கிக்கொண்டு வண்டி ஓட்டினார். சர்க்கரை எப்படி வரும்? புட்டியில் போனது என்னுடைய சிறுநீர்.

உண்மையில் அவருக்குச் சர்க்கரை நோய் வந்து ஆறு வருஷம் ஆகிறது. மருந்துக்கடையில் விளையாட்டாக விரலை நீட்டியபோது தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார், பாதத்தைத் தினமும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இவர் ஒரு மாதம் நல்ல பிள்ளையாக இருந்தார். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்புறம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டார். டெஸ்ட் நாள் நெருங்கியபோதுதான் முழித்துக்கொண்டார். பரீட்சையில் பக்கத்துப் பையனிடம் காப்பி கேட்கிறவர் மாதிரி என் முன்னால் வந்து நின்றார்.

நான் சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன். "இதுலகூடவா நான்தான் உங்களுக்கு உழைச்சுக் கொட்டணும்?" என்று கேட்டுவிட்டு, இருமல் மருந்துப் புட்டியைக் கழுவி நிரப்பிக் கொடுத்தேன். அதை பேண்ட் பாக்கெட்டில் போட்டுக் கையால் பொத்திக்கொண்டே போவார். டிப்போ நர்ஸ் கோப்பையைத் தொட்டுப் பார்ப்பாளாம், சூடு இல்லாவிட்டால் சந்தேகப்படுவாளாம். இரத்தம் எடுக்க மாட்டார்கள். எடுத்திருந்தால் எங்கள் கதையே வேறு.

எனக்கு லாண்டரியில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் டாக்டர் கோட்டுகளும்தான் அங்கே வரும். எட்டு மணி நேரம் நின்றபடி நீராவி இஸ்திரி. மதியம் ஆனால் தலை இரண்டாகப் பிளக்கும். சூப்பர்வைசர் அம்மா மேஜையில் ஒரு டப்பா நிறைய வலி மாத்திரை வைத்திருப்பாள். மிட்டாய் எடுப்பதுபோல் எடுத்துப் போட்டுக்கொள்வோம். நான் தினமும் இரண்டு, வேலை அதிகமானால் மூன்று. என் ஒரே மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கு பிரஷர் ஏறியிருந்தது. பிரசவத்துக்குப் பிறகும் வருஷம் ஒருமுறை பார்த்துக்கொள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது, நான் இன்னும் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஆயிரம் டாக்டர் கோட்டாவது என் கை வழியாகப் போயிருக்கும், டாக்டரிடம்தான் நான் போகவில்லை.

மூன்றாவது வருஷம் அவர் புட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சோப்புப் போகக் கழுவவில்லையா, நுரையாக இருக்கிறதே என்றார். எனக்குக் கோபம் வந்தது. லாண்டரிக்காரியைப் பார்த்து யாராவது இப்படிக் கேட்பார்களா? புட்டியைப் பிடுங்கிக் கழுவி மறுபடி நிரப்பிக் கொடுத்தேன். மறுபடியும் நுரைத்தது. புட்டிதான் சரியில்லை என்று இருவரும் முடிவு செய்தோம்.

நான்காவது வருஷ டெஸ்டுக்குப் பிறகு மனுஷர் ஒரு மாதிரி மாறிவிட்டார். சமைக்கும்போது பின்னால் வந்து நின்று உப்பைக் குறை என்பார். என் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து ஒளித்துவைப்பார். தலை வலித்தால் கொஞ்சம் படு, மாத்திரை போடாதே என்பார். காரணம் கேட்டால் யாரோ சொன்னார்கள் என்று மழுப்புவார். அவர் சொன்னதற்காகவே நான் ஒரு சிட்டிகை உப்பு கூடப் போட்டேன். மாத்திரைக்கு லாண்டரி டப்பா இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரே பூரிப்பு. கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து இவருக்கு என்மேல் அக்கறை வந்துவிட்டது என்று லாண்டரியில் பீற்றிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

ஐந்தாவது வருஷம் அவர் புட்டி கேட்கவில்லை. நானாகவே கழுவி வைத்துவிட்டு, வேண்டாமா என்றேன். இப்போது அதெல்லாம் பார்ப்பதில்லை, கண்ணை மட்டும்தான் பார்க்கிறார்கள் என்றார். விட்டது தொல்லை என்று நினைத்தேன். அந்த வருஷத்திலிருந்துதான் அவர் வழியில் செருப்பை விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வர ஆரம்பித்தார். ஞாபகமறதி மன்னா, தலையாவது பத்திரமாக இருக்கிறதா என்று நானும் மகளும் கிண்டல் செய்வோம்.

நான்கு மாதத்துக்கு முன்னால் எனக்குக் கால் வீங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ், இன்னொரு தடவை பார்த்தாள், பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள். நான் உட்கார்ந்திருந்த கட்டிலின் விரிப்பில் இருந்தது என் கை மடிப்பு. அந்த நேரத்தில் மனதில் ஓடியது அதுதான். பரிசோதனையெல்லாம் முடித்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார் டாக்டர். வாரத்துக்கு இரண்டு நாள் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், நிறுத்தினால் உயிர் தங்காது.

பிரஷரைக் கவனிக்காமல் விட்டதும், அதன்மேல் தினமும் வலி மாத்திரை போட்டதும்தான் காரணம் என்றார். தலைவலியே பிரஷரால் வந்திருக்கலாமாம். சிறுநீரகம் கெட்டால் கடைசிவரை வலிக்காது. ஆனால் ஆரம்பத்திலேயே சிறுநீரில் புரதம் கசியும், நுரைக்கும்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தாக்கூட பிரஷர் மாத்திரையிலயே பல வருஷம் தள்ளிப்போட்டிருக்கலாம்மா. நீங்க ஒரு தடவைகூட யூரின் டெஸ்ட் எடுத்ததில்லையா?"

இல்லை என்றேன். வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷினுக்கான செலவு அவருடைய கம்பெனியின் மருத்துவத் திட்டத்தில் வருகிறது. அந்த விண்ணப்பத்தோடு அவருடைய ஃபிட்னஸ் சான்றிதழையும் கேட்டார்கள். அவர் டூட்டியில் இருந்ததால் நானே பீரோவில் தேடினேன். பழைய லைசென்ஸ் இருந்த உறைக்குள் ஆறு காகிதங்கள் இருந்தன. ஐந்து டெஸ்டுக்கு ஆறு காகிதம்.

முதல் வருஷத்தில் சர்க்கரையும் இல்லை, புரதமும் இல்லை. இரண்டாம் வருஷம் புரதம் லேசாக. மூன்றாம் வருஷம் ஒரு கூட்டல் குறி. நான்காம் வருஷம் இரண்டு கூட்டல் குறி, அதற்குக் கீழே டிப்போ டாக்டர் கையால் எழுதியிருந்தார்: உடனே சிறுநீரக டாக்டரைப் பார்க்கவும், இரத்த அழுத்தம் பார்க்கவும், இரண்டு வாரத்தில் மறுபடி பரிசோதனை. இரண்டு வாரம் கழித்து எடுத்த ஐந்தாவது காகிதத்தில் ஒன்றுமே இல்லை. அடுத்த வருஷத்து ஆறாவதிலும் இல்லை.

நான் இல்லை என்று டாக்டரிடம் சொன்ன டெஸ்டை நாலு வருஷம் எடுத்திருக்கிறேன். பெயர் மட்டும் அவருடையது. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். சுத்தமாக இருந்த கடைசி இரண்டு காகிதங்களைத்தான் தாங்க முடியவில்லை. அவர் வேறு புட்டி தேடிப் போயிருக்கிறார். அப்படியென்றால் என் புட்டியில் என்ன இருந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மகள் காலேஜிலிருந்து வந்ததும் காகிதங்களை அவள் முன்னால் போட்டேன். அவள் முகமே சொல்லிவிட்டது, அந்த வேறு புட்டி யாருடையது என்று.

"அம்மாவோடது இப்பல்லாம் சரியா வரமாட்டேங்குது, சொன்னா வருத்தப்படுவான்னு அப்பா சொன்னாரும்மா," என்று அழுதாள். வயதானால் அப்படி ஆகும்போல என்று நினைத்துக்கொண்டாளாம்.

அவர் வந்து காகிதங்களைப் பார்த்ததும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். டாக்டரிடம் கூட்டிப்போனால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள், விஷயம் டிப்போவுக்குப் போகும் என்று பயந்தாராம். தலைவலி என்று சொல்லிக் கூட்டிப்போயிருக்கலாமே, ஒரு பொய் சொல்லத் தெரியாத ஆளா நீங்கள் என்று கேட்டேன். "நீ நல்லாத்தானே நடமாடிக்கிட்டு இருந்தே," என்றார். "உப்பைக் குறைக்கச் சொன்னேன்ல."

அந்த வார்த்தைக்குப் பிறகு பத்து நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் மூச்சு விடும் சத்தம்கூட எனக்கு வெறுப்பாக இருந்தது.

மெஷினில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரர் முன்பு தச்சு வேலை பார்த்தவர். சர்க்கரையால் சிறுநீரகம் போய், வலது காலில் மூன்று விரலும் போயிருந்தன. ஆணி ஏறியது தெரியாமலே இரண்டு நாள் அதன்மேல் நடந்தாராம். அதற்கு முன்னால் ஒரு வருஷமாகச் செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாதாம். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு எங்கள் வீட்டு ஒற்றைச் செருப்பு ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கால் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீழே உட்கார்ந்து, தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து அவர் வலது உள்ளங்காலில் குத்தினேன். கோபமும் இருந்தது, அழுத்தித்தான் குத்தினேன். ஒரு சொட்டு இரத்தம் வந்தது. அவர் டிவியில் ஏதோ பார்த்துச் சிரித்தார். அந்தக் கால்தான் பிரேக்கை மிதிக்கிறது.

இந்த வருஷ டெஸ்ட் போன வியாழக்கிழமை. முன்பு மாதிரி இப்போது இல்லை. பஸ் கழுவ மெஷின் வந்துவிட்டது, டோக்கன் ஜன்னலை மூடிவிட்டார்கள். ஃபெயிலானால் நேராக வீடுதான். வேலை போனால் மருத்துவத் திட்டம் போகும், அதோடு என் டயாலிசிஸும் போகும். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

காலையில் மகள் குளியலறையிலிருந்து புட்டியோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் மறைக்கவில்லை.

"உனக்காகத்தான்மா," என்றாள்.

நான் புட்டியை வாங்கி, உள்ளே போய்க் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். திரும்பி வந்தபோது அவர் யூனிஃபார்மில் நின்றிருந்தார். பத்து நாளுக்கும் மேல் கழித்து என்னிடம் நேராகப் பேசினார்.

"என் வேலை போச்சுன்னா உன் மெஷினுக்கு என்ன பண்ணுவே?"

"தெரியலைங்க. ரெண்டு நாளா அதைத்தான் யோசிக்கிறேன்," என்றேன். "பஸ்ல அறுபது பேர் ஏறுறாங்க. உங்க கால் செத்துப்போச்சுன்னு அவங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்கு நீங்க சொல்லாம இருந்தீங்களே, அந்த மாதிரி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்கூலுக்குப் போகிற பிள்ளையைச் சோதிப்பதுபோல் அவருடைய இரண்டு பாக்கெட்டையும் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. முதல் தடவையாகக் கையை வீசிக்கொண்டு டெஸ்டுக்குக் கிளம்பினார்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள், இவர் திரும்பி வந்து மகளிடம் புட்டி கேட்கக் கூடாதா என்றும் ஒரு நினைப்பு ஓடியது. உயிர் ஆசை யாரை விட்டது. அவர் திரும்பவில்லை. தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டார்.

வாசலுக்கு வந்து பார்த்தபோது மூன்றாவது படியில் அவருடைய வலது செருப்பு கிடந்தது. கூப்பிட எனக்கு மூச்சு போதவில்லை. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தேன். மறுநாள் எனக்கு மெஷின் நாள். அதற்கு அடுத்ததை நினைக்கப் பயமாக இருந்தது.