கட்டைவிரலுக்கு ஒரு சீட்டு

லாரிக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம்பிடித்துப் படுத்திருந்தார். முந்தின நாள்தான் அவருடைய வலது கால் கட்டைவிரலை எடுத்திருந்தார்கள். சர்க்கரை செய்த வேலை. இன்று காலை கட்டைப் பிரித்துப் பார்த்தால், கருப்பு பக்கத்து விரல்களுக்கும் பரவியிருந்தது. இன்றைக்கே பாதிப் பாதத்தை எடுத்தால் மிச்சக் கால் பிழைக்கும், தள்ளிப்போட்டால் முழங்கால் வரைக்கும் போய்விடும் என்று டாக்டர் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தார்.

"எடுத்த விரல் எங்க டாக்டர்? முதல்ல அதைச் சொல்லுங்க. அடுத்தது அப்புறம்."

"அதை முறைப்படி அப்புறப்படுத்திடுவாங்க."

"முப்பத்தெட்டு வருஷம் லோடு அடிச்சிருக்கேன். இறக்கின சரக்குக்குச் சீட்டு வாங்காம ஒரு இடத்துலயும் வண்டியைக் கிளப்பினதில்ல."

"இப்படியே ஒத்தக் கால்ல நில்லுங்க. நாளைக்கு நிஜமாவே ஒத்தக் கால்லதான் நிக்கணும்," என்று அவர் மனைவி பாதி கோபமும் பாதி அழுகையுமாகச் சொன்னாள்.

வேறு வழியில்லாமல் டாக்டர் பை அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

ஆஸ்பத்திரியின் கழிவெல்லாம் வந்து சேரும் பின்பக்க அறை பை அக்காவின் ராஜ்ஜியம். ரத்தம் பட்ட பஞ்சும் சதையும் மஞ்சள் பைக்கு, குழாயும் கையுறையும் சிவப்புப் பைக்கு, ஊசி வெள்ளைப் பெட்டிக்கு. மாற்றிப் போட்டவர் யாராக இருந்தாலும் வார்டு வாசலில் நிறுத்தி மானத்தை வாங்கிவிடுவாள். ஒரு தடவை டீ கப்பைச் சிவப்புப் பையில் போட்ட எலும்பு டாக்டர், இரண்டு வாரம் அவள் கண்ணில் படாமல் பின்படிக்கட்டில் போய்வந்தார்.

கழிவை ஏற்றிப்போகும் வண்டி வருகிற நேரத்தில் இது என்ன கூத்து என்ற எரிச்சலோடுதான் அவள் வந்தாள். பதினாறு வருஷத்தில் ஒரு பையைக்கூட இது யாருடையது என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"உங்க விரல் பத்திரமா இருக்குண்ணே. இன்னும் வண்டி ஏறல."

"அப்போ காட்டு."

டாக்டர் தலையசைத்தார். பை அக்கா லாரிக்காரருக்கு முகக்கவசம் மாட்டி, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். அறை வாசலில், தரையில் போட்டிருந்த கோட்டுக்கு வெளியே நிறுத்தினாள். கையகல மஞ்சள் பை ஒன்றை எடுத்து, அதிலிருந்த பார்கோடு ஸ்டிக்கரில் மெஷினைக் காட்டினாள். சீட்டு ஒன்று நீண்டு வந்தது. படித்துக்கொண்டே அதைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள்.

"நேத்து பதினொன்னு நாப்பது. ஆபரேஷன் தியேட்டர் ரெண்டு. மஞ்சள். அறுபது கிராம்."

"அறுபது கிராம்தானா?" லாரிக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. "அவ்வளவு பெரிய வண்டிக்கு பிரேக் அடிச்ச விரல் தங்கச்சி!"

"தராசு பொய் சொல்லாதுண்ணே."

"பையைப் பிரி. ஒரு தடவை பாத்துக்கறேன்."

"முடிச்சுப் போட்ட பையைப் பிரிக்க டாக்டருக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல, விரலுக்குச் சொந்தக்காரருக்கும் இல்ல!"

ரகளைதான் என்று நினைத்து மேலங்கிக் கையைச் சுருட்டிக்கொண்டாள். அவரோ ஒப்புதலாகத் தலையாட்டினார்.

"சரிதான். சீல் வெச்ச சரக்கை நடுவழியில பிரிக்கறவன் டிரைவரே இல்ல."

அதற்குள் வண்டி வந்துவிட்டது. டிரைவர் மளமளவென்று மஞ்சள் பைகளை அடுக்கி, அவற்றின் தலைமேல் ஊசிப் பெட்டிகளைத் தூக்கி வைத்தான். லாரிக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"யோவ்! கனத்தைக் கொண்டுபோய் மேல வைக்கறியே, நீயெல்லாம் லோடு ஏத்தறவனா? இறக்கு எல்லாத்தையும்!"

அவர் போட்ட சத்தத்தில் பாதி வண்டி காலியாகி, பெட்டிகள் கீழேயும் பைகள் மேலேயுமாகத் திரும்ப ஏறின. டிரைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பை அக்காவிடம் கிசுகிசுத்தான்.

"யாருக்கா இவரு, புது அதிகாரியா?"

"சரக்குக்குச் சொந்தக்காரர்," என்றாள் அவள்.

கடைசியாக அந்தச் சின்னப் பையும் ஏறியது.

"எங்கய்யா இறக்குவ?" என்று லாரிக்காரர் கேட்டார்.

"எரிக்கிற இடத்துலதாங்க."

"திருப்பத்துல பாத்துப் போ," என்று மட்டும் சொன்னார். வண்டி கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வார்டுக்குத் திரும்பும் வழியில் மெதுவாகக் கேட்டார்.

"இன்னிக்கு எடுக்கப்போறது எவ்வளவு இருக்கும் தங்கச்சி?"

"அரைக் கிலோ வரும்ணே." சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் சீட்டை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாகவே வந்தார்; அதில் இருந்த எழுத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இந்த மனுஷனுக்குச் சீட்டெல்லாம் ஒரு சாக்கு, காலையிலிருந்து பயந்து செத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலியை மெல்லத் தள்ளினாள்.

"தராசுல நீயே வை, என்ன? தூக்கிப் போட்டுடாத."

பதினாறு வருஷமாக அவள் எந்தப் பையையும் தூக்கித்தான் போட்டிருக்கிறாள்.

"வைக்கிறேண்ணே," என்றாள்.

லாரிக்காரர் பேனா கேட்டார்.