மூன்றாவது தடவை யாரும் கேட்கவில்லை

எங்கள் பள்ளத்தாக்கில் யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே கை நீட்டினால் வளர்ப்பு சரியில்லை என்போம். மூன்றாவது தடவையும் மறுத்தால் வயிறு சரியில்லை என்போம்.

நாம்கே லெந்தூப் தலைநகர் திம்புவில் முப்பது வருஷம் ஏதோ ஒரு துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்று வந்தவர். அரசர் கையால் சிவப்புச் சால்வை பெற்றவரைத்தான் தாஷோ என்பது. இவர் பெற்றதில்லை. அப்படிக் கூப்பிட்டால் முகம் மலர்கிறதே என்று நாங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஊர் திரும்பி எட்டு மாதமாக அவருக்குத் தலைமை தாங்க எதுவுமே கிடைக்கவில்லை. வீட்டில் மனைவி இருந்தார், அங்கே அந்தப் பதவி காலியில்லை. அதனால் குடிநீர்க் குழுவுக்குத் தலைவர் தேவை என்றதும் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊற்றிலிருந்து இருபத்திரண்டு வீட்டுக்கு வரும் ஒரு கறுப்புக் குழாய்தான் மொத்த சாம்ராஜ்யம். வீடு வீடாகப் போய், தனக்குப் பதவி ஆசையே கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தார். எங்களுக்குப் புரிந்துவிட்டது.

கூட்டத்தன்று பட்டு அங்கியில் வந்து முன்வரிசையில் அமர்ந்தார். கூட்டத்தை நடத்திய கிழவர் நிதுப், தலைவராக இருக்க முடியுமா என்று அவரைக் கேட்டார். வயதாகிவிட்டது, வேறு நல்லவர்களைப் பாருங்கள் என்று பத்து நிமிஷம் மறுத்தார். மறுபடி கேட்டார் நிதுப். இந்த மலைகளுக்கு முன்னால் தான் ஒரு தூசு, எந்தத் தகுதியும் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு இருபது நிமிஷம் மறுத்தார். வெளியே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் எல்லோருடைய மிளகாயும் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது.

நிதுப் மூன்றாவது தடவை வாயைத் திறந்தார். பசு வளர்க்கும் ரின்சின் ஓம் எழுந்துவிட்டாள்.

"தனக்குத் தகுதி இல்லேன்னு தாஷோ ரெண்டு தடவை சொல்லிட்டாரு. இன்னொரு தடவை கேட்டா, அவர் சொன்னது பொய்யின்னு ஆயிடாதா?"

அவரைப் பொய்யர் என்று சொல்ல எங்கள் யாருக்கும் துணிச்சல் இல்லை.

"அப்ப நீ இருக்கியாம்மா?" என்றார் நிதுப்.

"இருக்கேன்."

முதல் கேள்விக்கே. நாற்பது வருஷத்தில் அப்படி ஓர் அநாகரிகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் மிளகாய் இருக்கிறதே. கைகள் மளமளவென்று உயர்ந்தன.

நாம்கே லெந்தூப் மெதுவாக, "நான் ஒரு மரியாதைக்குத்தான் அப்படி..." என்றார்.

"நாங்களும் மரியாதைக்குத்தான், தாஷோ, நம்பினோம்" என்றாள் ரின்சின். பிறகு, இரக்கமோ என்னவோ, வாசல்வரை போனவள் திரும்பினாள். "குழுவில இன்னொரு பொறுப்பு இருக்கு. நீங்க..."

"சம்மதம்."

"முழுசாக் கேட்டுக்குங்க. ஊத்துல இலை அடைச்சா அள்ளிப் போடணும். வாரம் ஒருக்கா. ஏறுறதுக்கு ரெண்டு மணி நேரம்தான்."

சம்மதம் சொன்னதைக் கூட்டமே கேட்டிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை ஊற்றிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். முழங்கால்வரை சேறு, காதோரம் ஓர் அட்டைப்பூச்சி. வேலை எப்படி என்று விசாரித்தேன். மேல்மட்டம் முழுவதும் இப்போது தன் நேரடிப் பார்வையில் இருப்பதாகச் சொன்னார்.