மூன்றரை டன்

பழைய துறைமுக விபத்தைப் பற்றிக் கண்காட்சிப் பலகை எழுதுகிற பெண் தாளை மேசைமேல் வைத்ததும் என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரலை வைத்து மெதுவாக வாசித்தார். பாதியில் நிறுத்தி, "நாலு டன் இல்லம்மா, மூணரை டன். மாத்திடுங்க" என்றார். கடைசிவரை படித்துவிட்டு, "மத்தபடி எல்லாம் சரிதான்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

டீயை வைக்கிற சாக்கில் நானும் எட்டிப் பார்த்தேன். 'கிரேன் ஓட்டுநரின் கவனக்குறைவால்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த ஓட்டுநர் என் கூடப்பிறந்த அண்ணன்.

"இன்னொரு தடவை நிதானமாப் பாருங்க சார். நாளைக்குப் பத்து மணிக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கிறேன். அப்புறம் தகட்டுல பொறிச்சிடுவாங்க, மாத்த முடியாது" என்று சொல்லி, தாளை வைத்துவிட்டுப் போனாள் அந்தப் பெண். நல்ல பெண்தான். பழைய விசாரணை அறிக்கையில் என்ன இருந்ததோ அதைத்தான் எழுதியிருக்கிறாள்.

பழைய துறைமுகத்தைப் பன்னிரண்டு வருஷம் பூட்டியே வைத்திருந்தார்கள். நாயும் குடிகாரனும்தான் உள்ளே போய்வந்தார்கள். இப்போது அதைக் கடல் பாரம்பரியக் கல்வி மையம் ஆக்குகிறார்கள். முதல் கிடங்கில் வகுப்பறைகள், இரண்டாவதில் கண்காட்சி. கரையோரக் கற்களைப் பெயர்த்து மட்டம் பார்த்துத் திரும்பப் பதித்தாகிவிட்டது. துருப்பிடித்து நின்ற, அண்ணன் ஓட்டிய நாலாம் நம்பர் கிரேனுக்கு மஞ்சள் பெயின்ட். ஆள் பாதி ஆடை பாதி என்பது கிரேனுக்கும் பொருந்தும்போல, போகிறவன் வருகிறவன் எல்லாம் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறான். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிரேன் சைகைகளைச் சொல்லிக்கொடுக்க, வாரத்தில் இரண்டு நாள் வேலை இவருக்கு. ஒரு மாதமாகப் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று தூக்கு, இறக்கு, நிறுத்து என்று ஒரே ஒத்திகை. அறுபத்துநாலு வயதில் மனிதருக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது.

அந்த விபத்தில் உண்மையில் நடந்தது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். முப்பது வருஷம் ஆகிறது. கப்பல் சரக்கறைக்குள் என்ன நடக்கிறதென்று உயரத்தில் கூண்டுக்குள் இருக்கும் ஓட்டுநருக்குத் தெரியாது. மேல்தளத்தில் நிற்கிற சைகைக்காரரின் கைதான் அவனுக்குக் கண். கை சொன்னால் தூக்குவான், கை சொன்னால் இறக்குவான், ஏன் எதற்கு என்ற பேச்சே கிடையாது. அதனால் சரக்கு தொங்கும்போது சைகைக்காரர் மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது என்பார்கள். கூண்டில் என் அண்ணன், தளத்தில் இவர். அன்று காலையில் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு இவர் சாப்பாட்டை எடுக்காமலே போயிருந்தார். பதினோரு மணிக்குமேல் எனக்கு மனசு கேட்கவில்லை. தூக்குவாளியோடு துறைமுகத்துக்கே போய்விட்டேன். ஓட்டுநரின் தங்கச்சி என்று காவலாளி உள்ளே விட்டார். கரையில் நின்று, வாளியை உயர்த்திக் காட்டிச் சிரித்தேன். இவருக்கு முகமெல்லாம் பல். 'அங்கேயே இரு, வர்றேன்' என்று உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து இரண்டு ஆட்டு ஆட்டினார். கிரேனுக்கு 'இறக்கு' என்பதும் அதே ஆட்டுதான். தொங்கிய மூன்றரை டன் இயந்திரப் பெட்டி இன்னும் சரக்கறை வாய்க்கு நேராக வந்திருக்கவில்லை. விளிம்பில் இடித்து, கட்டு நழுவி, உள்ளே போய் விழுந்தது. உள்ளே நின்ற ஒருவருக்கு ஒரு கால் போயிற்று.

விசாரணையில் அண்ணன், "என் கவனம் தப்பிடுச்சு" என்றான். யாரும் சொல்லச் சொல்லவில்லை. எனக்கு அப்போது இரண்டும் கைக்குழந்தைகள். அவனுக்கு வேலை போயிற்று, மீதிக் காலமெல்லாம் சோப்புக் கம்பெனியில் பெட்டி அடுக்கினான். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. தெருவில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் நாக்காலேயே வெளுத்துக் காயப்போடுகிறவள் நான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முப்பது வருஷம் ஊமை.

பலகைப் பெண் படியிறங்கியதும் இவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, டன் மட்டும் நல்லா ஞாபகம் இருக்கோ?"

"அவனே ஒத்துக்கிட்டது. இப்பப் போய் நான் மாத்தினா, புள்ளைங்க முன்னாடி என்னை நிக்க விடுவாங்களா?" என்றார்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பேத்தியின் பள்ளிப் பையில் வார் அறுந்திருந்தது, கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தான். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னேன்.

"விடு. செத்த பாம்பை எதுக்கு அடிக்கிற? நின்னு படிக்கிறதுக்கு யாருக்கு நேரம் இருக்கு?"

"உனக்குக் கோபமே வராதா அண்ணே?"

நூலை இழுத்து முடிச்சுப் போட்டான். "மையம் திறந்த மறுவாரமே இவ ஸ்கூல்ல கூட்டிட்டுப் போறாங்களாம். எங்க தாத்தா ஓட்டின கிரேன்னு கிளாஸ் பூரா தண்டோரா போட்டு வெச்சிருக்கா." ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்குக் காய்ச்சல்னு சொல்லி நிறுத்திடச் சொல்லணும் அவ அம்மாகிட்ட" என்றான்.

நான் எழுந்து வந்துவிட்டேன்.

சாப்பாடு போடும்போது இவரிடம் அதை அப்படியே சொன்னேன். "நாளைக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றும் கேட்டேன். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டார். வீறாப்பாகக் கேட்டுவிட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். வாயைத் திறந்தால் முழுசாகத்தானே சொல்வார்? இவள் வந்து நின்றதால் வந்த வினை என்பார். மகன், மகள், மருமகன் எல்லோர் காதுக்கும் போகும். பழியில் பாதியை இறக்கிவைக்க ஆள் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

மறுநாள் பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தாள். இவர் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். தாளில் 'கிரேன் ஓட்டுநரின்' என்பதை அடித்துவிட்டு மேலே 'சைகைக்காரரின்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

"சார், அறிக்கையில ஓட்டுநர்னுதானே இருக்கு?"

"அதுல அப்படித்தான் இருக்கும். அந்த சைகைக்காரன் நான்தாம்மா. தப்பா இறக்கச் சொன்னது என் கை."

அவள் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் மேலிடத்துல சொல்லியாகணும் சார். உங்க வகுப்பு…"

"தெரியும்மா."

அவள் நோட்டையும் பென்சிலையும் எடுத்தாள். "சரக்கு தொங்கும்போது எதுக்கு சார் கையை ஆட்டினீங்க?"

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஈ" என்றார். "மூஞ்சியில ஒரு ஈ வந்து உட்கார்ந்துச்சு. வெரட்டினேன்."

அவள் அதை எழுதிக்கொண்டாள். நான் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். வேண்டாம் என்று இவர் தலையை லேசாக அசைத்தார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.